கோராட் போகிறவர்களுக்கு: காடு, கற்கோயில், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாங்காக்கில் குடியிருப்பதால், ஊரிலிருந்து வருகிறவர்கள் "பட்டாயா வேண்டாம், வேற எங்கே போகலாம்?" என்று என்னைக் கேட்பார்கள். கோராட் போங்கள் என்பேன். உடனே அதே சந்தேகங்கள் ஏறக்குறைய அதே வரிசையில் வரும். எழுதிவைத்தால் எல்லோருக்கும் ஒரே தடவையில் அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்து தொகுத்தேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன.

கோராட், நகோன் ராட்சசீமா, காவோ யாய்னு மூணு பேர் சொல்றீங்களே, எல்லாம் ஒரே இடமா?

நகோன் ராட்சசீமா என்பது மாகாணத்தின் பெயர். மக்கள் அதைச் சுருக்கமாகக் கோராட் என்பார்கள். பரப்பளவில் தாய்லாந்தின் மிகப் பெரிய மாகாணம் இதுதான், 20,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். தலைநகரான கோராட் பட்டணம் பாங்காக்கிலிருந்து வடகிழக்கே சுமார் 260 கிலோமீட்டர்.

காவோ யாய் ஒரு தேசியப் பூங்கா. மாகாணத்தின் தென்மேற்கு மூலையில் தொடங்கி சரபுரி, நகோன் நாயோக், பிராச்சின்புரி மாகாணங்களுக்குள்ளும் பரவியிருக்கிறது. 1962-இல் அறிவிக்கப்பட்ட இது தாய்லாந்தின் முதல் தேசியப் பூங்கா. பெரிய கற்கோயில் இருக்கும் பிமாய் எதிர்த் திசையில், கோராட் பட்டணத்துக்கும் அப்பால் 60 கிலோமீட்டரில்.

இரண்டையும் இணைப்பது தண்ணீர். லாம் தக்கோங் ஆறு காவோ யாய் மலையில் பிறந்து, பாக் சோங், சிக்கியோ, சூங் நோன், கோராட் பட்டணம் என்று வந்து மூன் ஆற்றில் சேர்கிறது. மூன் ஆற்றங்கரையில்தான் பிமாய். வரைபடத்தில் இந்த ஆற்றை ஒருமுறை விரலால் தொடர்ந்து பார்த்துவிட்டால் பயணத் திட்டம் தானாக வந்துவிடும். கீழே பல பதில்களில் இதற்குத் திரும்பி வருவேன்.

எந்த மாசம் வந்தா நல்லது?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். தப்பில்லை. வெயில் குறைவு, பாதைகள் காய்ந்திருக்கும், காவோ யாயில் இரவு நன்றாகவே குளிரும். தாய்லாந்துதானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் வந்து கூடாரத்தில் நடுங்கியவர்கள் உண்டு. ஆனால் அந்தக் குளிரை அனுபவிக்க பாங்காக்கே கிளம்பி வரும். டிசம்பர் நீண்ட விடுமுறைகளிலும் புத்தாண்டிலும் பூங்கா வாசலில் கார் வரிசை நிற்கும்.

அருவி பார்க்க ஆசை என்றால் செப்டம்பர், அக்டோபர். மழை உண்டு, அட்டை உண்டு, ஆனால் காடு காடாக இருக்கும். மார்ச்சிலிருந்து மே வரை அருவிகள் நூலாகிவிடும், பிமாயின் கல் தளமோ கொதிக்கும். அப்போதுதான் வர முடியும் என்றால் கோயிலைக் காலையில் திறந்ததும் பார்த்துவிடுங்கள்.

பாங்காக்ல காலையில கிளம்பி, காடு, பிமாய் ரெண்டையும் பார்த்துட்டு ராத்திரி திரும்பிடலாமா?

முடியாது. காவோ யாயின் உள்பகுதியிலிருந்து பிமாய்க்கு மட்டுமே ஏறக்குறைய 180 கிலோமீட்டர். அதோடு பாங்காக் போய்வரும் தூரத்தையும் கூட்டிப் பாருங்கள். நாள் முழுக்கக் கார் கண்ணாடி வழியாகத்தான் தாய்லாந்தைப் பார்ப்பீர்கள். இரண்டில் ஒன்றை மட்டும் ஒரே நாளில் பார்க்கலாம். அதுவும் விடியுமுன் கிளம்பினால்.

என் கணக்கு இது: குறைந்தது மூன்று இரவு. முதல் இரண்டு காவோ யாயிலோ பாக் சோங் பக்கத்திலோ, மூன்றாவது கோராட் பட்டணத்திலோ பிமாயிலோ. நடுவில் ஆற்றோடு இறங்கி வரும் நாளில் சிக்கியோவும் சூங் நோனும் வழியிலேயே கிடைத்துவிடும்.

சொந்த வண்டி இல்லாம போக முடியுமா?

பிமாய்க்குச் சுலபம். பாங்காக் மோ சித் நிலையத்திலிருந்து கோராட்டுக்கு நாள் முழுக்கப் பேருந்து உண்டு, மூன்றரை நான்கு மணி நேரம். கோராட்டின் இரண்டாம் பேருந்து நிலையத்தில் பிமாய் வண்டி பிடித்தால் இன்னும் ஒன்றரை மணி நேரம். ரயிலிலும் கோராட் வரலாம். 1900-இல் திறந்த பாதை அது. காட்டுக் காய்ச்சலில் தொழிலாளிகள் பலர் இறந்து போட்ட பாதை, காவோ யாய் மலைத்தொடரின் ஓரமாகவே ஏறி வரும்.

காவோ யாய்தான் சிக்கல். பாக் சோங் ஊரிலிருந்து சோங்தேவ் எனப்படும், பின்பக்கம் பெஞ்சு போட்ட வண்டி பூங்கா வாசல் வரைதான் வரும். வாசலிலிருந்து பார்வையாளர் மையம் 14 கிலோமீட்டர், அதற்கு மேலும் இடங்கள் சிதறிக் கிடக்கின்றன. உள்ளே பொதுப் போக்குவரத்து கிடையாது. பாக் சோங்கில் கிடைக்கும் ஒருநாள் சுற்றுலா வண்டியில் சேர்ந்துகொள்ளலாம், அல்லது ஓட்டுநரோடு கார் எடுக்கலாம். நீங்களே ஓட்டுவதென்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும். இங்கேயும் நம்மூர் போல இடப்பக்கம்தான்.

தாய்லாந்துக்காரங்களுக்கு 40, நமக்கு 400 பாட்டா? இது அநியாயம் இல்லையா?

கோபம் புரிகிறது, ஆனால் வாசலில் இருக்கும் ஊழியரிடம் காட்டிப் பயனில்லை. காவோ யாயில் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு 400, குழந்தைகளுக்கு 200 என்று பல ஆண்டுகளாக இருக்கிறது. வண்டிக்குத் தனி. மாறியிருக்கலாம், வரும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே வேலை அனுமதி வைத்திருப்பவர்களுக்குச் சில வாசல்களில் உள்ளூர் விலை தருவார்கள். கேட்டுப் பார்க்கலாம், உரிமையாகக் கோர முடியாது. தாஜ்மஹாலில் நாமும் இதைத்தானே செய்கிறோம்!

பூங்காவுக்குள்ளேயே தங்கலாமா, வெளியே ரிசார்ட் எடுக்கலாமா?

உள்ளே தங்குங்கள். மறுநாள் மறுபடி நுழைவுச்சீட்டு எடுக்க வேண்டியதில்லை என்பது சின்ன காரணம். விடியற்காலையில் கிப்பன் குரங்குகள் கூவுவதைப் படுக்கையிலிருந்தே கேட்கலாம் என்பது பெரிய காரணம். வாசல் காலை 6 மணிக்குத்தான் திறக்கும், வெளியே தங்கினால் அந்த நேரத்தை இழந்துவிடுவீர்கள்.

லாம் தக்கோங், பா குளுவாய் மாய் என்று இரண்டு கூடார இடங்கள் உண்டு. கூடாரமும் பாயும் வாடகைக்குக் கிடைக்கும். அறைகளும் உண்டு, தேசியப் பூங்காத் துறையின் தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். மது கூடாது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்கும் நுரைப்பெட்டியும் கூடாது. 2020-இல் குப்பையை விட்டுப்போனவர்களின் வீட்டு முகவரிக்கே அதைப் பார்சல் அனுப்பிய பூங்கா இது, விளையாட வேண்டாம். சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைத்தால் குரங்கோ மானோ முள்ளம்பன்றியோ தேடி வரும்.

யானை கண்டிப்பா தெரியுமா? புலி?

கண்டிப்பு எதற்குமே கிடையாது. கடமான் நிச்சயம் போலத்தான், கூடார இடத்திலேயே மேயும். பன்றிவால் குரங்கு சாலையோரம் உட்கார்ந்திருக்கும். கிப்பன் சத்தம் கேட்கும், பொறுமை இருந்தால் கண்ணிலும் படும். யானை அதிர்ஷ்டம். மாலையிலும் இருட்டும் நேரத்திலும் உப்புநிலங்களுக்கும் சாலைக்கும் வரும்.

என்னைக் கேட்டால் யானைக்காக ஏங்காமல் இருவாச்சிக்காக வாருங்கள். நான்கு வகை இருவாச்சிகள் இங்கே உண்டு. பெரியது பறக்கும்போது இறக்கைச் சத்தம் தலைக்கு மேல் தெளிவாகக் கேட்கும். பேராசிரியை பிலாய் பூன்சவாத் 1978-இல் இந்தக் காட்டில் தொடங்கிய இருவாச்சி ஆய்வு உலகப் புகழ் பெற்றது. நோங் பக் சி காவல்கோபுரத்தில் மாலையில் உட்காருங்கள். அங்கே தெரியும் புல்வெளி இயற்கையாக வந்ததல்ல. பூங்காவாவதற்கு முன் மலைமேல் ஓர் ஊர் இருந்தது, குற்றவாளிகள் ஒளியும் இடமாகிவிட்டதால் காலி செய்தார்கள். அந்த ஊரின் வயல்தான் இன்று மான் மேயும் புல்.

புலி? காவோ யாயில் பல ஆண்டுகளாகத் தடயமே இல்லை. ஆனால் கிழக்கே தொடரும் தாப் லான், பாங் சிடா காடுகளில் குட்டிகளோடு புலிகள் இருப்பதைத் தானியங்கிக் கேமராக்கள் உறுதிசெய்து 2017-இல் அறிவித்தார்கள். காவோ யாயையும் தாப் லானையும் பிரிக்கும் 304-ஆம் நெடுஞ்சாலையில், விலங்குகள் கடக்கும்படி சாலையைச் சுரங்கத்துக்குள்ளும் தூண்களின் மேலும் கொண்டுபோயிருக்கிறார்கள். சுற்றுலாப் பயணி புலி பார்க்கும் இடம் இல்லை இது.

கார் ஓட்டிட்டுப் போகும்போது யானை எதிர்ல வந்தா என்ன பண்றது?

நிறுத்துங்கள். குறைந்தது 30 மீட்டர் இடைவெளி விடுங்கள். அது முன்னே வந்தால் மெதுவாகப் பின்னுக்கு வாருங்கள். எஞ்சினை அணைக்க வேண்டாம், ஹாரன் வேண்டாம், ஃபிளாஷ் வேண்டாம், இறங்கவே வேண்டாம். 2019-இல் ஒரு காட்டு யானை காரின் மேல் சாய்ந்து உட்கார்ந்த காட்சியை உலகமே பார்த்தது, அது இங்கே நடந்ததுதான். காருக்குள் இருந்தவர் பிழைத்துக்கொண்டார். முன்னால் போகிற கார் நின்றுவிட்டால் முந்திப் போய்ப் பார்க்காதீர்கள். அதற்கு என்ன காரணம் என்பது சில நொடிகளில் தெரிந்துவிடும்.

அட்டைக்கு என்ன வழி?

மழைக்காலத்தில் முழங்கால் வரை வரும் துணி அட்டையுறை போட்டுக்கொள்ளுங்கள், பூங்காவிலேயே விற்கிறார்கள். வால்பாறை, டாப்ஸ்லிப் பக்கம் நடந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. கடித்துவிட்டால் தீக்குச்சியால் சுடாதீர்கள், நகத்தால் ஓரத்திலிருந்து நெம்பி எடுங்கள். கொஞ்ச நேரம் ரத்தம் கசியும், அவ்வளவுதான். ஜனவரியில் வந்தால் இந்தப் பதிலையே மறந்துவிடலாம்.

அருவியில குளிக்கலாமா?

பெரும்பாலும் இல்லை. ஹேவ் சுவத் பார்க்க அழகு, அடியில் குளம் மாதிரி இருக்கும், ஆனால் இறங்க அனுமதி கிடையாது. லாம் தக்கோங் ஓடையில் சயாமிய முதலைகள் இருக்கின்றன. 2017 புத்தாண்டு நாளில் ஒரு பிரெஞ்சுப் பயணி முதலையோடு படம் எடுக்க நெருங்கிப்போய்க் காலில் கடிபட்டார். எச்சரிக்கைப் பலகை சும்மா வைத்ததில்லை.

ஹேவ் நரோக் இன்னும் பெரியது, மூன்று அடுக்காக 150 மீட்டர் விழுகிறது, தெற்கு வாசல் பக்கம். 1992-இல் எட்டு யானைகளும் 2019 அக்டோபரில் பதினொரு யானைகளும் இந்த அருவியில் விழுந்து இறந்தன. 2019-இல் வழுக்கி விழுந்த குட்டியைக் காப்பாற்றப் போய் மற்றவையும் விழுந்திருக்கலாம் என்று அப்போது கருதினார்கள். வெள்ளம் பார்க்க வந்த இடத்தில் இதையும் நினைத்துக்கொள்வது நல்லது.

அங்கோர்வாட் பார்த்தாச்சு, பிமாய் எதுக்கு?

நல்ல கேள்வி, ஏனென்றால் பிமாய் அங்கோர்வாட்டுக்கு மூத்தது. இங்கே ஒரு வாசல் நிலையில் உள்ள கல்வெட்டு கி.பி. 1108-ஐக் குறிக்கிறது. அங்கோர்வாட்டைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மன் அரியணை ஏறியதே 1113-இல்தான். அவன் வம்சத்தின் வேர் இந்த மூன் ஆற்றுச் சமவெளியில்தான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அங்கோர்வாட்டின் தாமரை மொட்டு போன்ற கோபுரத்தின் முன்வடிவம் பிமாயில் இருக்கிறது.

28 மீட்டர் உயர நடுக்கோபுரம் வெண்மணற்கல். அதன் முன்னால் செம்மணற்கல்லில் ஒன்று, செம்புரைக்கல்லில் ஒன்று என்று இரண்டு சிறு கோபுரங்கள். கமேர், அதாவது பழைய கம்போடிய அரசின் கோயில்கள் பெரும்பாலும் கிழக்கு பார்க்கும், இது தென்கிழக்கு பார்க்கிறது. அங்கோர் அந்தத் திசையில் இருப்பதால்தான் என்று வழக்கமாகச் சொல்வார்கள். அங்கோரிலிருந்து இங்கே ஒரு நெடுஞ்சாலை இருந்தது, வழிநெடுக 17 நெருப்பு வீடுகள், அதாவது தங்குமிடங்கள், இருந்ததாக கமேர் மன்னன் ஏழாம் ஜெயவர்மன் காலக் கல்வெட்டு சொல்கிறது.

இன்று நீங்கள் பார்ப்பது 1960-களில் தாய்லாந்து நுண்கலைத் துறை, பிரெஞ்சு அறிஞர் பெர்னார்-பிலிப் குரோலியேயின் உதவியோடு கல் கல்லாக அடுக்கி எழுப்பியது. 1989-இல் வரலாற்றுப் பூங்காவாகத் திறந்தார்கள். அங்கோரில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கும்: வாரநாள் காலையில் போனால் கோபுரத்தின் முன்னால் நீங்கள் மட்டும் நிற்கலாம்.

அது சிவன் கோயிலா, புத்தர் கோயிலா? கைடு ஒண்ணு சொல்றார், பலகை ஒண்ணு சொல்லுது.

மகாயான பௌத்தக் கோயில். கருவறையில் நாகம் குடைபிடிக்கும் புத்தர், உள்பக்க உத்தரக்கற்களில் பௌத்தக் காட்சிகள். வெளியே வந்தால் நமக்குத் தெரிந்த கதைகள்: தெற்கு முகப்பில் ஆடும் சிவன், நாகபாசத்தில் கட்டுண்ட ராமனும் லட்சுமணனும், கடலுக்கு அணை போடும் வானரங்கள். இரண்டும் ஒரே கட்டடத்தில் இருப்பது அன்று யாருக்கும் முரணாகப் படவில்லை. அந்தச் சிவனைத் தில்லைக் கூத்தனாக எதிர்பார்த்துப் போகாதீர்கள். கைகள் பல, நிலை வேறு, இது கமேர் ஆட்டம்.

பக்கத்துத் தேசிய அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். இங்கே கிடைத்த ஒரு சிலை, ஏழாம் ஜெயவர்மன் என்று நம்பப்படுவது, கண்மூடி அமர்ந்திருக்கும். கைகள் உடைந்துபோயின, முகம் அப்படியே இருக்கிறது. கோயில் வளாகத்துக்குள் பார்ப்பது நகல். திங்கள், செவ்வாயில் தேசிய அருங்காட்சியகங்கள் பல மூடியிருக்கும், எனவே புதனுக்கும் ஞாயிறுக்கும் இடையில் வையுங்கள்.

இதெல்லாம் ராஜேந்திர சோழன் கட்டினதுன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

கட்டவில்லை. கமேர் அரசர்களும் அவர்களின் உள்ளூர்த் தலைவர்களும் கட்டியவை. அதைச் சொல்லும் கல்வெட்டுகள் அங்கேயே இருக்கின்றன.

உண்மையான தொடர்பு வேண்டுமானால் உண்டு, அது வேறு மாதிரி. கமேர் எழுத்து பல்லவர் கால எழுத்து மரபிலிருந்து வந்தது. காம்போஜ மன்னன் ராஜேந்திரனுக்குத் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு குறிப்பிடுகிறது. காம்போஜ மன்னன் குலோத்துங்கனுக்குக் காட்சியாகக் கொடுத்த கல் சிதம்பரம் கோயிலில் வைக்கப்பட்டதை அங்குள்ள 1114-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. தாய்லாந்தில் தமிழ்க் கல்வெட்டு பார்க்க ஆசை என்றால் அது தெற்கே தக்குவா பாவில் கிடைத்தது, 9-ஆம் நூற்றாண்டு, மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் காவலில் இருந்த ஒரு குளத்தைப் பற்றியது. கோராட்டிலிருந்து அது வெகுதூரம்.

பிமாய் தவிர வேற இடிபாடு இருக்கா?

ஆற்றோடு இறங்கும் நாளைப் பற்றி மேலே சொன்னேனே, அந்த நாள் இதற்குத்தான். சிக்கியோவில் மித்ரபாப் நெடுஞ்சாலை ஓரத்திலேயே ஒரு பழைய கற்சுரங்கம். பாறையில் கட்டம் கட்டமாக உளிக் கோடுகள், பாதி வெட்டி விட்டுப்போன கற்கள். கோயிலைக் காட்டிலும் இதில்தான் கல்தச்சரின் கை தெரியும். யாரும் நிறுத்துவதில்லை, நீங்கள் நிறுத்துங்கள்.

அடுத்தது சூங் நோன். தம்மசக் சேமாராம் விகாரத்தில் 13 மீட்டர் நீள மணற்கல் சயன புத்தர், துவாரவதி என்ற பழைய மோன் பண்பாட்டுக் காலம், இங்குள்ள கமேர் கோயில்களுக்கெல்லாம் முந்தியது. கூடவே ஒரு கல் தர்மசக்கரம். பக்கத்திலேயே 10-ஆம் நூற்றாண்டின் மூவாங் கேக், அப்புறம் நோன் கூ, ஜெயவர்மன் கால மருத்துவமனைக் கோயிலான மூவாங் காவ். மூன்றும் ஊருக்குள், வயல் நடுவே, சத்தமில்லாமல் கிடக்கின்றன. கோராட்டைத் தாண்டினால் பனோம் வான். பிமாய்க்குப் போகும் வழியில் பான் பிராசாத் சிற்றூர், 3,000 ஆண்டு பழைய புதைகுழிகளைத் தோண்டியபடியே கூரை போட்டுக் காட்டுகிறார்கள். நேரமில்லை என்றால் பனோம் வானை விடலாம். சூங் நோனை விடக் கூடாது.

மூணு யுனெஸ்கோ பட்டம் இருக்காமே, மூணும் பார்க்கணுமா?

காவோ யாயும் கிழக்குத் தொடர்க் காடுகளும் 2005 முதல் உலகப் பாரம்பரியம். இதே மாகாணத்திலுள்ள சக்கேராட் காடு 1976 முதல் உயிர்க்கோளக் காப்பகம். லாம் தக்கோங் ஆற்றை ஒட்டிய ஐந்து வட்டாரங்கள் 2023 முதல் புவிப்பூங்கா. மேலே சொன்ன சிக்கியோவும் சூங் நோனும் அதற்குள் வருவதால் மூன்றாவதை நீங்கள் அறியாமலே பார்த்துவிடுவீர்கள். குழந்தைகள் இருந்தால் கோராட் அருகில் கல்லாகிய மரங்களின் அருங்காட்சியகத்தையும் சேருங்கள். தொல்யானைகளும் இங்கே கிடைத்த டைனோசர்களும் உண்டு, அதிலொன்றுக்குச் சிரிந்தோர்னா என்று இளவரசியின் பெயர்.

சக்கேராட் முதலில் ஆய்வுநிலையம், அப்புறம்தான் சுற்றுலா. முன்கூட்டியே தொடர்புகொண்டு போக வேண்டும். பறவை, பாம்பு ஆர்வலர்களுக்கு அருமை, மற்றவர்களுக்குக் காவோ யாய் போதும். தாப் லானில் ஒரு மரம் மட்டும் சொல்கிறேன்: நம்மூர் தாளிப்பனையின் நெருங்கிய சொந்தம், வாழ்நாளில் ஒரே தடவை பூத்துச் செத்துப்போகும். இதன் ஓலையில்தான் தாய்லாந்து மடங்களின் சுவடிகள் எழுதப்பட்டன.

அப்பா அம்மாவுக்கு முழங்கால் வலி. கூட்டிட்டு வரலாமா?

தாராளமாக. பிமாய் சமதளம், வாசற்படிகள் மட்டும் உயரம். ஆற்றோரம் சாய் ங்காம் ஆலமரத் தோப்பில் உட்கார வைத்தால் கிளம்ப மாட்டார்கள். காவோ யாயில் காரிலிருந்தே நிறைய தெரியும். ஹேவ் சுவத்தை மேலிருந்து பார்க்கலாம். ஹேவ் நரோக்கின் செங்குத்துப் படிகள் வேண்டவே வேண்டாம்.

சைவம் கிடைக்குமா?

"ஜே" என்று சொல்லுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடை அதுதான். வெங்காயம், பூண்டுகூட இருக்காது. சாதாரணக் கடையில் காய்கறி மட்டும் என்றாலும் மீன்சாறு விழும், தனியாகச் சொல்ல வேண்டும். பூங்கா உணவகத்தில் தேர்வு குறைவு, அதனால் பாக் சோங்கில் பழம், ரொட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

இடிபாட்டுல செருப்பு கழட்டணுமா? டிரோன் விடலாமா?

பிமாயில் செருப்போடு நடக்கலாம். வழிபாடு நடக்கும் இடத்தில், குறிப்பாகச் சூங் நோன் சயன புத்தர் முன்னால், கழற்றுங்கள், தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். தலையில்லாத சிலைக்குப் பின்னால் நின்று உங்கள் தலையை வைத்துப் படமெடுக்காதீர்கள். சிற்பத்தைத் தொட வேண்டாம், மணற்கல் வியர்வைக்கே தேயும். டிரோனுக்கு முன் அனுமதி வேண்டும், காட்டிலும் சரி, கோயிலிலும் சரி.

இவ்வளவு தூரம் வந்துட்டு பனோம் ருங்கை விடலாமா?

அது பக்கத்துப் புரிராம் மாகாணம், கோராட்டிலிருந்து 120 கிலோமீட்டர் போல. அணைந்த எரிமலையின் உச்சியில் சிவன் கோயில், ஆண்டில் சில நாட்கள் மட்டும் சூரியன் பதினைந்து வாசல்களின் வழியாக ஒரே நேர்கோட்டில் தெரியும். சிகாகோ வரை போய் 1988-இல் திரும்பி வந்த அனந்தசயன உத்தரக்கல் அங்கேதான். நாலாவது இரவு இருந்தால் போங்கள், கீழே மூவாங் தாமையும் சேர்த்துப் பார்க்கலாம். மூன்றே இரவு என்றால், காவோ யாயில் ஒரு நாளைக் குறைத்து இதைத் திணிக்காதீர்கள். பிமாயோடு நிறுத்திக்கொண்டு அன்று மாலை சாய் ங்காமில் வறுத்த நூடுல்ஸ் சாப்பிடுங்கள். சைவக்காரர்கள் மேலே சைவம் பற்றிய பதிலைப் பார்த்துவிட்டுப் போகவும்.